சிக்னல் கோடும் ரீசார்ஜ் கணக்கும்

செல்போன் கடையில் பேச்சு விலையில்தான் தொடங்கும். எத்தனை ரூபாய்க்கு எத்தனை ஜிபி, எத்தனை நாள் வேலிடிட்டி? அடுத்தது போன்: எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு ராம்? வாங்க வந்தவர் எங்கே குடியிருக்கிறார், வீட்டுக்கு அருகே மலை உண்டா, கடல் உண்டா, ஓட்டு வீடா கான்கிரீட் வீடா என்று யாரும் கேட்பதில்லை. இயற்பியலோ அதைத்தான் முதலில் கேட்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கான விடை சில கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறுகிறது. ஜி.எஸ்.டி. சாலை நெடுக அடுக்குமாடிகளும் கல்லூரி விடுதிகளும். திருக்கழுக்குன்றத்தில் மலை. மாமல்லபுரத்தில் பாறை, கிழக்கே வெறும் கடல். தெற்கே போகப் போக வயல், ஏரி, பாலாற்று முகத்துவாரம். ஒரே சிம், ஒரே பிளான், ஒரே போன் இந்த எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

சிக்னலின் எல்லையை அரசாங்கமும் வரைந்திருக்கிறது. 1990-களில் கைப்பேசி உரிமம் கொடுப்பதற்காகத் தொலைத்தொடர்புத் துறை நாட்டைச் சேவை வட்டங்களாகப் பிரித்தபோது சென்னை ஒரு வட்டம், மிச்சத் தமிழ்நாடு இன்னொரு வட்டம். சென்னையில் உரிமம் பெற்றவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரண்டு நிறுவனங்கள். உரிம வாசகத்தில் சென்னை வட்டம் எதுவென்று எழுதும்போது, சென்னை டெலிபோன்ஸ் பகுதிகளோடு மறைமலைநகரையும் மீஞ்சூரையும் மகாபலிபுரம் (மாமல்லபுரம்) எக்ஸ்சேஞ்சையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். செங்கல்பட்டின் பெயர் அதில் இல்லை. சென்னைக்கு மின்சார ரயிலில் தினமும் ஆயிரக்கணக்கானோர் போய்வரும் ஊர் பட்டியலுக்கு வெளியே நின்றது; சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் கடலோர ஊர் உள்ளே இடம்பிடித்தது. அந்தக் கோடு இப்போது இல்லை. சென்னையைச் சேர்த்த தமிழ்நாடு ஒரே வட்டமாகிவிட்டது, அலைக்கற்றை ஏலமும் அதற்கு ஒன்றாகவே நடக்கிறது. ஆனால் எந்த நிறுவனம் எந்த அலைவரிசையை ஏலத்தில் எடுத்தது என்பதுதான் உங்கள் போனில் எந்த 'பேண்ட்' இருக்க வேண்டும் என்பதை இன்றும் முடிவு செய்கிறது.

அலைவரிசை என்றால் எண் மட்டுமல்ல, அதற்கு ஒரு நீளம் உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். 1800 என்றால் 17. 5ஜி பெரும்பாலும் ஓடுகிற 3500-க்குக் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர்தான். நீளமான அலை கட்டடத்தின் முனையில் வளைந்து மறுபக்கம் போகும், சுவரிலும் குறைவாகவே இழக்கும். குட்டை அலை நேர்கோட்டுப் பிராணி. தடை வந்தால் அங்கேயே பெரும்பாலும் முடிந்துவிடும். தடையே இல்லாத வெட்டவெளியில்கூட, ஒரே மாதிரி ஆன்டெனாக்களை வைத்தால், அலைவரிசை ஐந்து மடங்கானால் வந்து சேரும் ஆற்றல் இருபத்தைந்தில் ஒரு பங்காகும். அதை ஈடுகட்டத்தான் 5ஜி டவரில் பல சிறு ஆன்டெனாக்களை ஒரே பலகையில் அடுக்கி, அலையைக் குவித்து ஆளை நோக்கி அனுப்புகிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க மாமல்லபுரத்தைவிட நல்ல பாடசாலை இல்லை. ஊரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு பாறைக் குன்று, உச்சியில் கலங்கரை விளக்கம். குன்றின் ஒரு பக்கத்து டவர் வீசும் அலைக்கு மறுபக்கம் நிழல். குகைக்கோயிலுக்குள் போனால் அலை உள்ளே வர வாசல் ஒன்றுதான் வழி. பல்லவச் சிற்பிகள் குடைந்த பாறை ரேடியோ அலைக்குக் கோட்டைச் சுவர். இன்னொரு தடை சட்டத்திலிருந்து வருகிறது. தொல்லியல் சின்னங்களுக்கான சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். ஒரே ஒரு கோயில் இருக்கும் ஊரில் இது சின்ன வட்டம். இங்கே கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், குன்றெங்கும் குகைகள் என்று சின்னங்கள் சிதறிக் கிடப்பதால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஊரின் பெரும் பகுதியை மூடிவிடுகின்றன. ஆட்கள் கூடுகிற இடத்தில் புது டவர் நடுவது கடினம். வெளியே நிற்கும் டவர்தான் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

குன்று மறைக்கிறது என்றால் திறந்த கடலில் சிக்னல் வெகுதூரம் போக வேண்டுமே? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூமி உருண்டை என்பதால் டவரின் பார்வைக்கு அடிவானம் உண்டு. காற்று ரேடியோ அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதையும் சேர்த்தால், டவர் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 40 மீட்டர் டவருக்கு 26 கிலோமீட்டர். படகில் இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கும் போனுக்கு இன்னும் ஆறு. மொத்தம் 32. ஆனால் கடல் தகவல் சேவைக்கான ஹைதராபாத் மையமான இன்காய்ஸ் 2019-ல் சொன்ன கணக்கு வேறு: கரையிலிருந்து 10-12 கிலோமீட்டர் தாண்டினால் மீனவர் கைப்பேசித் தொடர்பை இழந்துவிடுகிறார்.

இருபது கிலோமீட்டர் எங்கே போயிற்று? இரண்டு காரணங்கள். டவரின் ஆன்டெனாக்கள் வாடிக்கையாளர் இருக்கும் பக்கம் பார்க்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையை நோக்கி, அதுவும் பக்கத்து டவரோடு மோதாமலிருக்கக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். கடலுக்குக் கிடைப்பது சிந்தியது. இரண்டாவது காரணம் போன். டவர் பத்துக்கணக்கான வாட்டில் கத்தும். போனின் குரல் 4ஜியில் பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட். டவர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் பதில் சொன்னால் டவருக்குக் கேட்காது. திரையில் ஒரு கோடு தெரியும், அழைப்பு போகாது. கரையோர மக்களுக்கு இந்த அனுபவம் பழக்கம். அதைப் 'பொய் சிக்னல்' என்று ஒதுக்கிவிட வேண்டாம், ஒருவழி சிக்னல் அது. விலையுயர்ந்த போன் வாங்கினாலும் இது தீராது, ஏனென்றால் அந்த உச்சத்தை வகுப்பது தரநிர்ணயம், விலையல்ல. அதனால்தான் இன்காய்ஸ் 2019-ல் ஜெமினி என்ற தனிக் கருவியைக் கொண்டுவந்தது. ககன் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்து, புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் புளூடூத் வழியாகப் போனுக்குத் தரும். அதிலும் பேச முடியாது, கேட்க மட்டுமே முடியும். ஆழத்துக்குப் போகிற படகுக்காரர் டேட்டா பிளானுக்குச் செலவிடும் கூடுதல் நூறு ரூபாயால் கடலில் ஒரு மீட்டர்கூடக் கூடுவதில்லை.

கரைக்குத் திரும்புவோம். சிக்னல் நாலு கோடும் முழுதாக இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை மாமல்லபுரம் பேருந்து நிலையத்தருகே நின்று வீடியோ திறந்தால் வட்டம் சுற்றுகிறது. காணும் பொங்கலன்று கேட்கவே வேண்டாம். கோடுகள் காட்டுவது அலையின் வலு. எத்தனை பேரோடு அதைப் பங்கிடுகிறீர்கள் என்பதை அவை காட்டுவதில்லை. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி அலைக்கற்றை, சாதாரண இரண்டு-ஆன்டெனா அமைப்பில், ஏட்டளவில் நொடிக்கு 150 மெகாபிட் கொடுக்கும். எல்லாரும் டவரடியிலேயே நிற்பதில்லை என்பதால் நடப்பில் அதில் ஒரு பகுதிதான். அதை டவர் பந்தி பரிமாறுவது போல, ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்து வைக்கிறது. ஐந்நூறு பேர் உட்கார்ந்துவிட்டால் பாயசம் கையளவுக்கு வரும். பிளானில் எழுதியிருக்கும் ஜிபி இந்தப் பங்கீட்டை மாற்றாது. 5ஜி வேகம் என்று நாம் வியப்பதில் பெரும் பங்கு இந்த அகலம்தான்: மேலே சொன்ன 3500-ஐ உள்ளடக்கிய 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஜியோவும் ஏர்டெல்லும் பெரும்பாலான வட்டங்களில் 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் வைத்திருக்கின்றன. எட்டாத அலையில் நிறைய இடம், எட்டும் அலையில் குறைந்த இடம். அலைக்கற்றையின் இந்தக் குறும்பைத் தெரிந்துகொண்டவர் பாதிப் பிளானைத் தேர்ந்துவிட்டார்.

மீதிப் பாதி கணக்கு. 2014-ல் இந்தியாவில் ஒரு ஜிபி சராசரியாக 270 ரூபாயை ஒட்டி இருந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது, விலை விழுந்தது, மாதத்துக்கு ஒரு ஜிபி என்ற பேச்சு நாளுக்கு ஒரு ஜிபி ஆனது. 2018 பிப்ரவரி இறுதியில், தமிழ்நாட்டில் வேர்கொண்ட ஏர்செல் திவால் மனு போட்டது. அதற்குச் சில நாள் முன்பிருந்தே தமிழ்நாட்டில் அதன் வாடிக்கையாளர்கள் சிக்னலே இல்லாத சிம்மை வைத்துக்கொண்டு எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற அலைந்தார்கள். மலிவு விலைக்கு அப்படியும் ஒரு விலை இருந்தது.

இப்போதைய 'அன்லிமிடெட்' 4ஜி பிளானைக் கூர்ந்து பாருங்கள். நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி முழு வேகத்தில். தீர்ந்ததும் நொடிக்கு 64 கிலோபிட். அந்த வேகத்தில் ஒரு எம்பி படம் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நொடி நிறுத்தாமல் இழுத்தாலும் மொத்தம் 691 எம்பிதான். வரம்பில்லை என்று விளம்பரம் சொன்னாலும் 86,400 நொடியை 64 கிலோபிட்டால் பெருக்கினால் வரம்பு வந்து நிற்கிறது. எழுத்துச் செய்தி போகும். 4ஜி வழியே போகும் வோல்ட்டி அழைப்புக்குத் தனி வழி ஒதுக்கப்படுவதால் குரலும் கெடாது. வீடியோ போகாது. வீடியோவுக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 450 எம்பி, 1.5 ஜிபி என்பது மூன்று மணி நேரத்துக்குச் சற்றே மேல். ஒரு நாளில் அதற்கு மேல் பார்ப்பவரா நீங்கள் என்று விளம்பரத்திடம் கேட்க வேண்டாம், போனின் செட்டிங்ஸில் போன மாதக் கணக்கு அப்படியே இருக்கிறது.

அடுத்து 28. வருடத்தில் 12 மாதம், ஆனால் 13 ரீசார்ஜ். 2024 ஜூலையில் விலை ஏறியபோது ஜியோவின் நாளுக்கு 1.5 ஜிபி, 28 நாள் பிளான் 299 ரூபாய் ஆனது. 13 தடவைக்கு 3,887. அதே சமயம் நாளுக்கு 2.5 ஜிபி தரும் ஓராண்டு பிளான் 3,599. அதிகம் கொடுக்கிற பிளானுக்குக் குறைந்த பணம்! ஒரே தடவையில் மூவாயிரத்து அறுநூறு எடுத்துவைக்க முடிந்தவருக்குத்தான் அந்தச் சலுகை. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிப்பவர் நாளுக்கு எண்பது பைசாவை ஒட்டி அதிகம் கொடுத்துக் குறைவாக வாங்குகிறார். இதை எந்த இயற்பியலும் நியாயப்படுத்தாது. விலைகள் பிறகும் மாறும், வகுத்துப் பார்க்கும் முறை மாறாது. 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவால் ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பிளான் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த இன்னொரு விதிப்படி டேட்டாவே இல்லாத, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பிளானும் வைக்க வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு ஜிபி எதற்கு? இந்த இரண்டையும் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

அந்த 2024 ஜூலை மாற்றத்தில் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. 'அன்லிமிடெட் 5ஜி' என்பது நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேலான பிளான்களுக்கு மட்டும் என்றானது. போன் 5ஜி அலையில் இருக்கும்வரை அளவில்லை. 4ஜிக்கு இறங்கிய கணமே அந்த 2 ஜிபியிலிருந்து கழியத் தொடங்கும். ஆக இது பிளானை மட்டும் பொறுத்ததல்ல. நீங்கள் படுத்துறங்கும் அறைக்குள் ஒன்பது சென்டிமீட்டர் அலை வருகிறதா என்பதைப் பொறுத்தது. ஜி.எஸ்.டி. சாலையோரப் பொத்தேரியில் ஜன்னலோரம் உட்காரும் கல்லூரி மாணவருக்கு அது உண்மையிலேயே அளவற்றதாக இருக்கலாம். பாலாற்றுக்குத் தெற்கே, டவர் தூரத்தில் உள்ள கிராமத்தில், அதே பணத்துக்கு அது வெறும் 2 ஜிபி பிளான். சோதிக்கச் செலவில்லை: அந்த நிறுவனத்து சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் போனை இரவு ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டு உள்ளறையில் வைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் சிம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் கழித்தல் குறியோடு ஒரு எண் வரும். கழித்தல் 85 நல்லது, கழித்தல் 110 மோசம். இரண்டுக்கும் இடையே ஆற்றலில் முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். திரையில் தெரியும் கோடுகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, இந்த எண் ஏமாற்றாது. நிறுவனங்கள் தங்கள் வலைத்தளத்தில் சேவை வரைபடம் போட வேண்டும் என்றும் டிராய் சொல்லியிருக்கிறது. அது தெருவுக்குப் பொருந்தும், அறைக்குப் பொருந்தாது.

போனுக்கு வருவோம். செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2022-ல் பெகட்ரான் தொழிற்சாலை திறந்தது. ஐபோன் அங்கே அசெம்பிள் ஆகிறது. திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஓடியது. கைப்பேசி செய்கிற கைகள் நிறைந்த வட்டாரம் இது. ஆனாலும் ஊர்க்காரர் தேடுவது எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் போன். சிக்கலும் அந்த விலையில்தான்.

2024 நவம்பரில் ஷாவ்மி ரெட்மி ஏ4 5ஜி என்ற போனை 8,499 ரூபாயில் வெளியிட்டது. பெயரிலேயே 5ஜி. ஆனால் அதன் சிப் தனித்தியங்கும் (எஸ்.ஏ.) 5ஜியை மட்டுமே பேசும். ஜியோ கட்டியது அந்த வகை. ஏர்டெல்லோ அப்போது 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் (என்.எஸ்.ஏ.) வகை 5ஜியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த அமைப்பில் போன் முதலில் 4ஜி டவரோடு கைகோத்து, பிறகே 5ஜி அலையைச் சேர்த்துக்கொள்ளும். விளைவு, ஏர்டெல் சிம் போட்டவருக்கு 5ஜி போனில் 4ஜி மட்டும். ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது, விவரக்குறிப்பில் இருந்தது. அதைக் கடையில் யார் படிக்கிறார்கள்? பெட்டியில் '5ஜி' என்றிருந்தால் போதாது, எஸ்.ஏ., என்.எஸ்.ஏ. இரண்டும் உண்டா, 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கான என்78 பேண்ட் உண்டா, ஜியோ என்றால் 700 மெகாஹெர்ட்ஸுக்கான என்28-ம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

பழைய போன் வைத்திருப்பவருக்கு இதே கதை வேறு எண்ணில். பி.எஸ்.என்.எல். தன் 4ஜியைத் தாமதமாகத்தான் முழுதாகக் கொண்டுவந்தது, டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் சேர்ந்து செய்த உள்நாட்டுக் கருவிகளோடு 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முக்கிய அலைகளில் ஒன்று 700, அதாவது பேண்ட் 28. சுவர் தாண்டும், தூரம் போகும், கடலோரக் கிராமத்துக்கு ஏற்ற அலை. ஆனால் 2016 முதல் 2020 வரை இந்தியாவில் விற்ற மலிவு போன்கள் பலவற்றில் பேண்ட் 28 இல்லை, அப்போது இங்கே யாரும் அதில் ஒலிபரப்பவில்லை என்பதால். விலை ஏறியபின் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாற நினைத்தால் முதலில் போனின் பேண்ட் பட்டியலைப் பாருங்கள்.

வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் போனும், மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டவரின் போனும் இதே கேள்வியைச் சந்திக்கின்றன. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-வது மாடலிலிருந்து சிம் போடும் துளையே இல்லை, இ-சிம் மட்டும். சில போன்களில் பேண்ட் பொருந்தினாலும், நம் ஊர் நிறுவனத்துக்கான வோல்ட்டி அமைப்பு மென்பொருளில் இல்லாமலிருக்கும். ஜியோவில் 2ஜியும் 3ஜியும் கிடையாது. வோல்ட்டி இல்லாவிட்டால் இன்டர்நெட் ஓடும், சாதாரண அழைப்பு வராது. பயன்படுத்திய போன் வாங்குவோர் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்தால் திருட்டுப் போனாகத் தடுக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும்.

கேமராவில் விட்டுக்கொடுக்கலாம், பேண்டில் கூடாது. வீட்டில் 5ஜி எட்டாதவர், இன்னும் சில வருடத்துக்கு நல்ல 4ஜி போனும் 1.5 ஜிபி பிளானும் வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பேன். மிச்சமாகும் பணத்தில் புது பேட்டரி போடலாம்.

கடைசியாக, இரண்டாவது சிம். 2012 அக்டோபர் 31-ல் நீலம் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயலும் அங்கேதான். மின்சாரம் போனால் டவர் பேட்டரியிலும் டீசலிலும் சில மணி நேரம் தாங்கும், பிறகு அடங்கும். வேறு நிறுவனத்து சிம் ஒன்று கைவசம் இருப்பது நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த நிறுவனம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இண்டஸ் டவர்ஸை 2007-ல் பாரதி, வோடஃபோன், ஐடியா மூன்றும் சேர்ந்து தொடங்கின. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் பல இடங்களில் ஒரே இண்டஸ் கம்பத்தில்தான் தொங்குகின்றன. கம்பம் ஒன்று, பேட்டரி அறை ஒன்று. அவை இரண்டையும் வைத்திருப்பவர் இரண்டு சிம் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் தெருவை ஒட்டி எந்த டவர் எங்கே நிற்கிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்க்கலாம். வெவ்வேறு கம்பத்தில் இருக்கும் இரண்டு நிறுவனங்களைப் பார்த்து எடுத்தால், இரண்டாவதற்குப் பெரிய பிளான் தேவையில்லை. 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம் என்றாலும், கணக்கில் 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணைத் தக்கவைக்க வேண்டும் என்பது 2013-லேயே டிராய் வகுத்த விதி. புயல் எச்சரிக்கை வந்த அன்று, மின்சாரம் இருக்கும்போதே அதில் ஒரு சின்ன ரீசார்ஜ் போட்டுக்கொள்ளலாம்; டவர் அடங்கியபின் ரீசார்ஜ் செய்யவும் டவர் வேண்டும்.